எது அவள், எது நோய்? – பார்க்கின்சனோடு ஒரு வீட்டின் குறிப்புகள்

தமிழில் 'முகம் கொடுத்துப் பேசுவது' என்று ஒரு வழக்கு உண்டு. கல்யாண மண்டபத்தில் எதிரே வந்த பெரியம்மாவைப் பார்த்துச் சிரிக்காமல் போய்விட்டால், 'அவ முகம் குடுத்தே பேசலடி' என்று அடுத்த ஆறு மாதத்துக்கு அந்தப் பேச்சு ஓடும். அன்பு, மரியாதை, கோபம் எல்லாவற்றுக்கும் நம் ஊரில் முகம்தான் ரசீது. அந்த முகத்தை அசைக்கும் தசைகளுக்கு மூளையிலிருந்து போகிற கட்டளையே சன்னமாகிவிடும் ஒரு நோய் வீட்டுக்குள் வந்தால், நோயாளியைவிடச் சுற்றியிருப்பவர்கள்தான் முதலில் குழம்புகிறார்கள்.

என் மனைவிக்குப் பார்க்கின்சன் நோய். தெரியவந்தபோது அவளுக்கு 39 வயது, இப்போது 45. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் பி.இ. படித்த மென்பொருள்காரன், மருத்துவன் இல்லை. ஆறு வருடமாகக் கண்ணில் படும் ஆய்வுக் கட்டுரைகளையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். இங்கே வழக்கமாக எழுதும் சமாச்சாரங்களிலிருந்து இது விலகியது என்று தெரியும். அவள் படித்து, இரண்டு பத்திகளை எடுக்கச் சொல்லி, எடுத்த பிறகு வருவது இது.

நோயைப் பற்றிய முழு அறிமுகம் எழுதுவது என் நோக்கம் இல்லை. கூடவே வாழ்கிறவர்களுக்குத் தினமும் நாலு தடவை வரும் ஒரு கேள்வி இருக்கிறது: இப்போது என் முன்னால் இருப்பது இவளுடைய குணமா, நோயா? அதைச் சுற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் பெயர்த் தகராறைத் தீர்த்துவிடலாம். தமிழில் நடுக்குவாதம் என்கிறார்கள். பாதிப் பேர் அதைப் பக்கவாதம் என்று காதில் வாங்கிக்கொண்டு எண்ணெய் சிபாரிசு செய்கிறார்கள். மீதிப் பேர் கை நடுங்குகிறதா என்று உற்றுப் பார்க்கிறார்கள். இவளுக்கு நடுக்கமே கிடையாது. இந்நோய் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு அப்படித்தான். உடம்பு இறுகுவது, அசைவு மெதுவாவது, ஒரு கை வீசாமல் நடப்பது, கையெழுத்து சுருங்குவது, இவைதான் அவளிடம் வந்தவை. முதலில் வந்தது வலது தோள்பட்டை வலி. எலும்பு டாக்டர், பிசியோதெரபி என்று ஒரு வருடம் ஓடியது. தோள்பட்டை இறுக்கம் பார்க்கின்சனின் முதல் அறிகுறியாக இருக்கலாம் என்று புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் 38 வயதுப் பெண்ணின் தோள்பட்டை வலியைப் பார்த்ததும் யாருக்கும் அது தோன்றாது, தோன்ற வேண்டும் என்றும் சொல்ல முடியாது.

லண்டனில் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஒரு சிறு நூல் எழுதினார். மொத்தம் ஆறு பேரைப் பற்றியது. அதில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. அவ்வளவு குறைந்த ஆதாரத்தில் அவ்வளவு துல்லியமாக எழுதியது இன்றும் ஆச்சரியம்தான். ஆனால் புலன்களும் அறிவும் இந்நோயில் பாதிக்கப்படுவதில்லை என்று அவர் போட்டுவிட்ட ஒரு வரி பிற்பாடு ரொம்ப நாள் செல்வாக்காக இருந்தது. இன்று நாம் அறிவது வேறு. மலச்சிக்கல், வாசனை தெரியாமல் போவது, கனவில் கைகாலை வீசுவது, பதற்றம், சோர்வு, ஆர்வமின்மை எல்லாம் இந்நோயின் உறுப்புகளே. சிலருக்கு அசைவுக் கோளாறு வருவதற்குப் பல வருடம் முன்பே இவற்றில் சில வந்துவிடும். நடுக்கம் இல்லாமலும் இந்நோய் வரும் என்று அழுத்திச் சொல்லி, பார்க்கின்சன் பெயரை நோய்க்கு நிலைக்க வைத்தவர் பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ.

உள்ளே நடப்பது இதுதான். நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு சிறு பகுதி. லத்தீனில் கருப்புப் பொருள் என்று அர்த்தம், நிஜமாகவே கருப்பாக இருக்கும். அங்கிருக்கும் செல்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளை மூளையின் இன்னொரு பகுதிக்கு அனுப்புகின்றன. ஆல்ஃபா சினூக்ளின் என்ற புரதம் கட்டிதட்டி, இந்தச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. வெளியே அறிகுறி தெரியும்போது உள்ளே பெரும் பங்கு போயிருக்கும். இதைத் தடுத்து நிறுத்துவதாக நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை கிடையாது. இருக்கிற மருந்துகள் எல்லாம் பற்றாக்குறையை ஈடுகட்டுபவை.

டோபமைனை 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று வாட்ஸப்பில் சொல்வதை மறந்துவிடுங்கள். எனக்கு இந்த நோயைப் புரியவைத்தது 2007-இல் மத்சோனி, ஹிரிஸ்டோவா, கிராகவர் ஆகிய மூவர் வெளியிட்ட ஒரு ஆய்வு. பார்க்கின்சன் நோயாளிகளைக் குறிப்பிட்ட வேகத்தில் கையை நீட்டிப் பொருளைத் தொடச் சொன்னார்கள். அந்த வேகத்தை அவர்களால் எட்ட முடிந்தது, துல்லியமும் மற்றவர்களைப் போலவே இருந்தது. ஆனால் தேவையான அளவு முயற்சிகளை அந்த வேகத்தில் செய்து முடிக்க அவர்களுக்கு அதிகத் தடவை தேவைப்பட்டது. மூளை தனக்குத் தெரியாமலே மெதுவான வழியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தது. ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம், வேகமாக அசைவதற்கு ஆகும் உழைப்புக்கு மூளை போடும் விலை ஏறிவிட்டது என்பது. எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பது உங்களுக்கு ஒரு ரூபாய்ச் செலவு என்றால் இவளுக்குப் பதினைந்து ரூபாய். எழுந்திருக்கவே முடியாது என்றில்லை, ஒவ்வொரு தடவையும் பதினைந்து ரூபாய் கொடுத்தாக வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இது சோம்பேறித்தனம் போலவே இருக்கும். என் அம்மா ஆரம்பத்தில் 'ஏம்மா, கூப்பிட்டா உடனே வரமாட்டியா' என்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ரூபாய்க் கணக்கைச் சொன்ன பிறகு கேட்பதில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் விலை ஏறுவது என்றால் என்னவென்று அவருக்கே தெரியும்.

மருந்தின் கதை இந்தியாவோடு இரண்டு இடத்தில் உரசுகிறது. நம்மூர் சர்ப்பகந்தி வேரிலிருந்து வந்த ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்து முயல்களை அசைவற்றுப் போகச் செய்து, பின்பு லெவோடோபா கொடுத்து அவற்றை எழுப்பிக் காட்டினார் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன். அது 1957. அதற்கான நோபல் பரிசு 2000-இல்தான் வந்தது. 1960-இல் வியன்னாவில் ஹார்னிகீவிச், இறந்துபோன பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதைக் காட்டினார். 1967-இல் அமெரிக்காவில் கோட்ஸியாஸ் சிறு அளவில் தொடங்கி மெல்ல ஏற்றி, வாய்வழியாக அதிக அளவு கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்னொரு உரசல் இதற்கெல்லாம் முன்பே, 1937-இல். தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்துக் கட்டுரை எழுதினார்கள். சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் செய்த வேலை. அது எதற்குப் பயன்படும் என்று அப்போது உலகில் யாருக்கும் தெரியாது.

பூனைக்காலியை ஏன் இழுத்தேன் என்றால், மாதத்துக்கு ஒருவராவது அந்தப் பொடியைச் சிபாரிசு செய்கிறார்கள். அது வெறும் நம்பிக்கை இல்லை. 2004-இல் லண்டனில் 8 நோயாளிகளை வைத்து நடந்த ஒரு சிறு பரிசோதனையில் அது வேலை செய்தது. சிக்கல் வேறு இடத்தில். கடைப்பொடியில் எவ்வளவு லெவோடோபா இருக்கிறது என்று அந்த டப்பா உங்களுக்குச் சொல்லாது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் அதன்மேல் பொடியையும் சேர்த்தால் மொத்த அளவு என்ன என்று டாக்டருக்கும் தெரியாது. அளவு கூடினால் உடம்பு தானாக ஆடும், குமட்டும், இல்லாதது கண்ணுக்குத் தெரியக்கூடும். மருந்து என்பதால்தான் ஜாக்கிரதை வேண்டும் என்கிறேன். 'இயற்கைதானே' என்பவர்களிடம் இதைச் சொல்லிச் சலித்துவிட்டது.

சரி, வீட்டுக்கு வருவோம்.

லெவோடோபா ரத்தத்தில் தங்கும் நேரம் ரொம்பக் குறைவு. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதி காலி. முதல் சில வருடம் இது தெரியாது, மிச்சமிருக்கும் செல்கள் மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகச் செலவு செய்யும். செல்கள் குறையக் குறைய அந்தச் சேமிப்புக் கிடங்கு போய்விடுகிறது. அப்புறம் மாத்திரை ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்குகிறது உடம்பு. வேலை செய்யும் நேரத்தை ஆன் என்றும், இறங்கிய நேரத்தை ஆஃப் என்றும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் 'கரண்ட் இருக்கு', 'கரண்ட் போச்சு'. இப்போது அவளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து வேளை: காலை 6, 9:30, மதியம் 1, மாலை 4:30, இரவு 8.

இதில் சாப்பாடு குறுக்கே வரும். புரதம் செரித்து வரும் சில அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே கதவில்தான் நுழைய வேண்டும். பருப்பும் தயிரும் முட்டையும் போன வேளையில் மாத்திரை வாசலில் நின்றுகொண்டிருக்கும். மதியம் சாம்பார் சாதமும் தயிரும் ஒரு கட்டுக் கட்டிய அன்று மூன்று மணி வகுப்பில் அவளால் போர்டில் எழுத முடியாது என்பதை முதலில் நோட்டில் தேதி வாரியாகப் பிடித்தது அவள்தான், கணக்கு டீச்சர் இல்லையா. இப்போது சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை, புரதத்தில் பெரும்பங்கு இரவுக்கு. எல்லாருக்கும் இந்த மாற்றம் தேவைப்படாது, எடை குறைகிறவர்களுக்கு ஆபத்தும்கூட, எனவே கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ரத்தசோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டுக்கும் இடைவெளி வேண்டும். மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் மருந்து சரியாகப் பிடிக்காமல் போவதைப் பல பெண்கள் சொல்கிறார்கள், இவளும் சொல்கிறாள். வயதான ஆண்களை மனதில் வைத்து எழுதிய கையேடுகளில் இது இருக்காது.

வெளியாட்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம். மருந்து உச்சத்தில் இருக்கும்போது சில சமயம் அவள் தோளும் தலையும் லேசாக நெளிந்து ஆடும். பார்ப்பவர்கள் 'ஐயோ, இன்னைக்கு ரொம்ப முடியல போல' என்பார்கள். உண்மையில் அவளுக்கு நாளின் நல்ல நேரமே அதுதான், பேசுவாள், நடப்பாள், கிண்டலடிப்பாள். ஆடாமல் அசையாமல் பொம்மை மாதிரி சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது 'இன்னைக்கு பரவால்ல' என்பார்கள். அப்போதுதான் கரண்ட் போயிருக்கும். இளம் வயதில் நோய் வந்தவர்களுக்கு இந்த ஆட்டம் வர வாய்ப்பு அதிகம்.

ஆஃப் என்பது உடம்போடு நிற்பதும் இல்லை. மாத்திரை இறங்கும் அந்த முக்கால் மணி நேரத்தில் சிலருக்குக் காரணமே இல்லாத பதற்றம், மூச்சடைப்பு, உலகமே முடிந்ததுபோன்ற துக்கம் வரும். அடுத்த மாத்திரை ஏறியதும் மறையும். இது தெரியாத வீடுகளில் எத்தனை சண்டை நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். மாலை நாலே கால் மணிக்கு வெடிக்கும் ஒரு சண்டை ஐந்தரைக்கு அர்த்தமற்றுப் போவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இங்கேதான் அந்தக் கேள்வி கூர்மையாகிறது. எல்லாம் தெரிந்துகொண்ட கணவன் ஒரு வகையில் ஆபத்தான கணவன். மனைவி கோபப்பட்டால் கடிகாரத்தைப் பார்க்கலாம். அழுதால் மருந்து அட்டவணையைப் பார்க்கலாம். 'மாத்திரை போட்டியாம்மா?' என்ற ஒரு கேள்வியால் எந்த நியாயமான புகாரையும் மூன்று நொடியில் வாயடைக்கலாம். கேட்பவர் அக்கறையோடுதான் கேட்பார், அதனால் திருப்பிச் சண்டை போடவும் முடியாது. ஆகவே எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது, அவள் போட்டது: பேச்சு சூடாக இருக்கும்போது மாத்திரை என்ற வார்த்தை வரக்கூடாது. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "கரண்ட் இல்லாதப்ப எனக்குக் கோவம் ஜாஸ்தியா வரும், சரி. ஆனா என்ன விஷயத்துக்கு வருதுன்னு நீங்க பாக்கணும். நாலு மணிக்கு நான் சொன்ன விஷயம் ஆறு மணிக்கும் இருந்துச்சுன்னா அது என் கோவம்."

இதைவிட நல்ல பரிசோதனையை நான் எந்தக் கட்டுரையிலும் படிக்கவில்லை. ஆறு மணிக்கு நான்தான் பேச்சை எடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் இரண்டாம் ஷரத்து. பாதி நாள் 'அதை விடுங்க' என்பாள். மீதி நாள் விடமாட்டாள். சம்பளத்தைப் பற்றி, என் தம்பிக்குக் கொடுத்த கடனைப் பற்றி, மகளின் பள்ளிக் கூட்டத்துக்குத் தன்னை விட்டுவிட்டு நான் மட்டும் போவதைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் ஆறு மணிக்கும் அப்படியேதான் இருந்தது.

சில இடங்களில் இந்தப் பரிசோதனை உதவாது. பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் டோபமைன் போலவே நடிப்பவை. இளம் நோயாளிகளுக்கு லெவோடோபாவின் அளவைக் குறைவாக வைத்திருக்க இவற்றைத் தருவதுண்டு. இவற்றின் ஒரு பக்கவிளைவு, ஆசைகளைப் பிடித்து வைக்கும் கடிவாளம் தளர்வது. சூதாட்டம், வாங்கிக் குவிப்பது, ஓயாமல் தின்பது, காம இச்சை கட்டுமீறுவது. 3,090 நோயாளிகளைப் பார்த்து 2010-இல் வெளியான ஒரு ஆய்வில், இவ்வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 6.9 சதவீதம் பேருக்கும் இத்தகைய பிரச்சினை இருந்தது. அபூர்வம் என்று ஒதுக்கக்கூடிய எண் இல்லை.

எங்கள் வீட்டில் அது புடவையாக வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு போனில் ஆர்டர். முதலில் நாலு, பிறகு பதினொன்று. பாதியைப் பிரிக்கவே இல்லை. இவள் சிக்கனக்காரி, கல்யாணத்துக்கு முன்பிருந்தே பேருந்துச் செலவுக்குக் கணக்கு எழுதுபவள். அதனால்தான் சீக்கிரம் பிடிபட்டது, இயல்பிலேயே கை தாராளமானவராக இருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம். இதில் கொடுமை, உள்ளிருந்து பார்த்தால் அது நோய் போலத் தெரியாது. அவளுக்கு அந்தப் புடவைகள் நிஜமாகவே பிடித்திருந்தன. ஆசை அவளுடையது, அளவு மட்டும் மருந்தினுடையது. டாக்டர் பிரமிபெக்ஸோலை மெல்ல மெல்லக் குறைத்தார் (சட்டென்று நிறுத்தினால் பதற்றமும் சோர்வும் பிய்த்து எடுக்கும்). புடவை நின்றது. கொஞ்சம் இறுக்கம் கூடியது, அதற்கு லெவோடோபாவை ஏற்ற வேண்டியிருந்தது. அப்போது அவளுடைய ஏ.டி.எம். கார்டை நான் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று இரு வீட்டாரும் சொன்னார்கள். சம்பாதிப்பவளின் கார்டை வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. தன் கணக்குக்கு ஒரு நாள் செலவு வரம்பை அவளே வங்கிச் செயலியில் வைத்துக்கொண்டாள். இன்றும் அது இருக்கிறது, எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இந்த மருந்து ஆரம்பிக்கும் நாளிலேயே வீட்டில் இருவரும் இதைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது. சூதாட்டமும் காமமும் வாயைத் திறந்து டாக்டரிடம் சொல்ல நம் ஊரில் ஆள் இல்லை.

முகத்துக்குத் திரும்புகிறேன். முகமூடி மாதிரி இறுகிய முகத்தைப் பார்த்து மற்றவர்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்பதை அமெரிக்காவின் லிண்டா டிக்கிள்-டெக்னென் போன்றோர் ஆராய்ந்திருக்கிறார்கள். பழகிய மருத்துவத் துறையினர்கூட அப்படிப்பட்ட முகத்தைப் பார்த்து அவருடைய குணத்தையே குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது சாரம். வீட்டில் நான் வேறு இடங்களைப் படிக்கப் பழகிவிட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்தால் மூச்சு மூக்கு வழியாகச் சின்னதாக வெளியே வரும். பிடிக்காத பேச்சு என்றால் இடது கால் கட்டைவிரல் தரையைத் தேய்க்கும். மகள் இன்னும் நேரடி, 'அம்மா, இப்ப நீ சிரிக்கிறியா?' என்று கேட்டுவிடுவாள். 'ஆமாண்டி, விழுந்து விழுந்து' என்று பதில் வரும், ஒரு தசை அசையாமல்.

குரலும் அப்படியே. இந்நோயில் குரல் இறங்கும், ஆனால் பேசுபவர் காதுக்குத் தன் குரல் சரியான அளவிலேயே இருப்பதாகத் தோன்றும். ஆகவே எனக்குத்தான் காது மந்தம் என்பது அவள் கட்சி. லீ சில்வர்மேன் என்ற நோயாளியின் பெயரில் ஒரு குரல் பயிற்சி முறை இருக்கிறது. வாரம் நாலு நாள், நாலு வாரம், மொத்தம் 16 அமர்வு. சத்தமாக என்று தோன்றும் அளவுதான் சாதாரண அளவு என்று மூளைக்குத் திரும்பக் கற்பிப்பதே அதன் அடிப்படை. இவள் செய்தாள், பலன் இருந்தது, தினமும் பயிற்சியை விட்டால் பலனும் போகும். வகுப்பில் இடுப்பில் மாட்டும் சின்ன ஸ்பீக்கரும் காதோர மைக்கும் வைத்துக்கொள்கிறாள். போர்டில் எழுத்து வலப்பக்கம் போகப்போகச் சுருங்கும், அதற்குப் பிள்ளைகளே முதல் பெல்லில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்துவிடுகிறார்கள். கோட்டுக்கு நடுவே எழுதினால் எழுத்து சுருங்காது.

கோட்டின் மகிமை அங்கே மட்டும் இல்லை. நிலைப்படி வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும் உறைவு சிலருக்கு வரும், இவளுக்குப் போன வருடம் ஆரம்பித்தது. தானாக ஓடும் நடை என்ற நிரல் நின்றுவிட்டாலும், கண்ணெதிரே ஒரு கோட்டைக் கண்டு தாண்டும் நடை மூளையின் வேறு பாதையில் போகிறது. சமையலறை வாசலில் எலக்ட்ரீஷியன் டேப்பை ஒரு அடிக்கு ஒன்றாக மஞ்சளில் ஒட்டியிருக்கிறோம். அப்படி நிற்கும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுவார்கள். 'சீக்கிரம்' என்றும் சொல்லாதீர்கள். என் பாதத்தை அவள் முன்னால் குறுக்கே வைப்பேன், தாண்டிவிடுவாள். ஆறு வருடத்துக்கு முன் மாமனார் வீட்டில் இதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

மருத்துவமனையில் சேர நேர்ந்தால் தெரிந்திருக்க வேண்டியவை. போன வருடம் வயிற்றுப்போக்குக்காக ஒரு மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தாள். வார்டு மாத்திரை நேரம் எட்டு, இரண்டு, எட்டு. இவளுடைய ஐந்து வேளையை அந்த மூன்றுக்குள் அடைக்கப் பார்த்தார்கள். இது உலகம் முழுக்க இருக்கும் பிரச்சினை, பிரிட்டனில் பார்க்கின்சன்ஸ் யுகே அமைப்பு நேரத்துக்கு மருந்து கொடுங்கள் என்று ஒரு இயக்கமே நடத்துகிறது. அதைவிட முக்கியம், வாந்திக்குச் சாதாரணமாகப் போடும் மெட்டோக்ளோப்ரமைடு, புரோக்ளோர்பெரசின் இரண்டும் டோபமைனைத் தடுப்பவை. இந்நோயாளிக்குக் கூடாது. மனக்குழப்பத்துக்குப் போடும் ஹாலோபெரிடாலும் அப்படியே. தலைசுற்றலுக்குத் தெருமுனைக் கடையில் கேட்டதும் தரும் சின்னரிசினும் இதே பட்டியல்தான், நோய் இல்லாதவருக்கும் நீண்ட நாள் சாப்பிட்டால் பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளைக் கொண்டுவரக்கூடியது. லெவோடோபாவைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த விவரங்கள் எல்லாம் அச்சிட்டு லேமினேட் செய்த ஒரு அட்டையாக அவள் கைப்பையில் ஒன்று, என் பர்ஸில் ஒன்று. அன்று டியூட்டியில் இருந்த நர்ஸ் அட்டையைப் படித்துவிட்டுக் கேஸ் ஷீட்டிலேயே ஒட்டிவிட்டார். மாத்திரைகள் நேரத்துக்கு வந்தன.

வேலையைப் பற்றி. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்டுள்ள 21 வகைகளில் பார்க்கின்சன் நோயும் ஒன்று. அதன் 20-ஆம் பிரிவின்படி, பணியில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்ட அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. அந்த வேலைக்குப் பொருந்தாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பலர் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறார்கள். கூட வேலை பார்ப்பவர்களும் 'எதுக்கும்மா கஷ்டப்படுறே' என்று அதைத்தான் நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். வங்கியில் கையெழுத்து பொருந்தவில்லை என்று காசோலை திரும்பியபோது அவள் நேரே போய்ப் புதுக் கையெழுத்துப் பதிந்துவிட்டு வந்தாள். அது இரண்டு வருடத்தில் மறுபடி சுருங்கியது, மறுபடி பதிந்தாள்.

இப்போது எங்கள் முன்னால் இருப்பது ஆழ்மூளைத் தூண்டல் அறுவை சிகிச்சை. மூளைக்குள் மெல்லிய மின்முனை, மார்புத் தோலுக்கடியில் பேட்டரி. 1987-இல் பிரான்சின் கிரனோபிளில் பெனாபிட் குழு தொடங்கிய முறை, இப்போது இந்தியாவிலும் பல இடங்களில் செய்கிறார்கள். 2013-இல் ஜெர்மனியும் பிரான்சும் சேர்ந்து 251 பேரிடம் செய்த ஆய்வில், மருந்துச் சிக்கல் தொடங்கிய ஆரம்பக் கட்டத்திலேயே அறுவை செய்துகொண்டவர்களின் வாழ்க்கைத் தரம் சராசரியாக 26 சதவீதம் மேம்பட்டது, மருந்தோடு மட்டும் இருந்தவர்களுக்கு மாற்றமில்லை. இவள் வயதும் நிலையும் கிட்டத்தட்ட அந்தக் குழுவோடு பொருந்துகிறது. ஆஃப் நேரம் குறையும், ஆட்டம் குறையும், மாத்திரையும் குறையலாம். என்னைக் கேட்டால் தேதி குறித்துவிடலாம் என்பேன்.

ஆனால் அது குரலுக்கு உதவாது. சிலருக்குப் பேச்சு முன்பைவிடக் குழறிப் போவதுண்டு. கால் சரியாகி, வாய் போனால்? உட்கார்ந்துகொண்டு கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம், பேசாமல் சொல்லிக் கொடுக்க முடியாது என்கிறாள். அவள் தயங்குவது பயத்தாலா, நோயின் ஆர்வமின்மையாலா என்று அவளுடைய அண்ணன் என்னைத் தனியாகக் கேட்டார். காலை பத்து மணிக்கு, கரண்ட் இருக்கும்போது கேட்டேன். மாலை நாலு மணிக்கு, இல்லாதபோதும் கேட்டேன். இரண்டு நேரத்திலும் ஒரே பதில்தான் வந்தது: "இந்த பேட்ச் பத்தாவது முடிக்கட்டும். மே மாசம் டாக்டர்கிட்ட நானே பேசறேன்."